தொட்டியில் வந்த குமிழி

இது நடந்தது. நடந்ததைத்தான் எழுதுகிறேன். கதை கட்டிச் சொல்ல எனக்குப் பொழுதும் இல்லை, அதற்கான மனசும் இப்போது இல்லை. நடந்தது என் வீட்டுக்காரருக்கு. போகப் பார்த்தது என் தம்பியின் உயிர். இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னதைக் கேட்டு, ஒட்டிப் பார்த்து, ஒட்டாத இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன். நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். போன மாதம் வரைக்கும் நானும் சிரித்த ஆள்தான்.

என் வீட்டுக்காரர் குளிர்பதன மெக்கானிக். வீட்டு ஃபிரிட்ஜ் வேலை இல்லை. மீனையும் இறைச்சியையும் டன் கணக்கில் உறைய வைக்கும் குளிர்கிடங்கு வேலை. அங்கே குழாய்க்குள் ஓடுவது அமோனியா. அது துளி கசிந்தாலும் எல்லோருக்கும் முன்னால் அவருக்கு வாடை தெரிந்துவிடும் என்பதால் வேலை இடத்தில் அவருக்கு ‘மூக்கு’ என்று பெயர். வீட்டில் பால் அடிப்பிடித்தால் மட்டும் அந்த மூக்குக்குத் தெரியாது. அவருடைய கூட்டாளி என் தம்பி. எந்த வாசலிலும் தலையை இடித்துக்கொள்கிற உயரம், அதனால் ‘நெட்டை’. அப்பா அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு போட்டதும் நான்தான், படிக்காமல் ஊர் சுற்றியபோது காதைத் திருகி இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான். எனக்குப் பிள்ளை இல்லை. அவன்தான் எல்லாம்.

இருவரும் காலையில் வேனில் ஏறும்போது வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்று சொல்வேன். "நீங்க முன்னப் பின்ன வாங்க. அவன் முழுசா வந்து சேரணும்." அவர் ரொம்பப் பணிவாகத் தலையாட்டுவார். அது எங்களுக்குள் ஒரு கேலி.

அவர்கள் செய்கிற வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். மூடிப்போன கிடங்குகளில் மிச்சம் கிடக்கும் அமோனியாவை வெளியேற்ற வேண்டும். காற்றில் திறந்துவிட்டால் தெருவே கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடும். அதனால் தண்ணீரில் விடுவார்கள். அமோனியாவுக்குத் தண்ணீர் என்றால் உயிர். எங்கே ஈரம் இருக்கிறதோ அங்கே பாயும். மனுஷனுக்கு ஈரம் இருப்பது கண்ணில், தொண்டையில், நெஞ்சுக்குள். அதனால்தான் அது ஆளைக் கொல்கிறது. அதே ஆசையை வைத்துத்தான் அதைப் பிடிக்கவும் செய்கிறார்கள். ஹோஸின் நுனியைத் தண்ணீருக்கு அடியில் அழுத்தி வைத்து, மறுமுனையில் வால்வைக் கொஞ்சமாகத் திறந்தால் போதும். வருகிற வாயு அத்தனையையும் தண்ணீர் குடித்துவிடும். சடசடவென்று பொரிகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்கும். குமிழி வராது. குமிழி வந்தால் அது அமோனியா இல்லை, காற்று.

ஒருவர் உள்ளே வால்வில், ஒருவர் வெளியே தண்ணீரில். மாஸ்க் போட்டிருப்பதால் பேச முடியாது. அதனால் குழாயில் ஸ்பானரால் தட்டிக்கொள்வார்கள். தண்ணீர்ப் பக்கம் இருப்பவர் ஒரு தட்டுத் தட்டினால் ‘திற’. இரண்டு தட்டினால் ‘மூடு’. உள்ளே இருப்பவன் அதையே திருப்பித் தட்ட வேண்டும்; அவனாக எதுவும் தட்டக்கூடாது. வேலை முடிந்ததும் முதலில் ஹோஸைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டு, அப்புறம்தான் வால்வை மூட வேண்டும். மறந்தால், உள்ளே மிச்சமிருக்கும் வாயுவைத் தேடித் தண்ணீரே குழாய் ஏறிப் போய்விடும். இயந்திரத்தின் அடியில் தேங்கிய அமோனியாவைத் தண்ணீர் தொட்டால் கொதித்துச் சீறும். இதெல்லாம் என் வீட்டுக்காரர் தூக்கத்திலும் சொல்லுவார். சொல்லியும் இருக்கிறார்.

அன்றைக்குப் போன இடம், பஸ் டிப்போவுக்குப் பின்னால் தெருவின் கடைசியில் இருந்த மீன் கிடங்கு. மூடிப் பல வருடம். விற்கப்போவதாகச் சொன்னார்கள். சாவி கொண்டுவந்த ஆள் காரை விட்டு இறங்கவில்லை. ஜன்னல் வழியாக நீட்டிவிட்டுப் போய்விட்டார். சுள்ளென்று வெயில் அடித்த பகல். பேய் வருகிற நேரமே இல்லை அது.

வழக்கமாக வேனிலிருந்து பிளாஸ்டிக் பீப்பாய்களை இறக்கித் தண்ணீர் நிரப்புவார்கள். அங்கே இயந்திர அறையின் வெளிச்சுவரை ஒட்டி ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு பெரிசு. அவசரத்துக்கு வாயுவை இறக்குவதற்காகக் கிடங்குக்காரர்களே கட்டியது. அறையிலிருந்து ஒரு இரும்புக் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்து தொட்டியின் அடிவரைக்கும் இறங்கியிருந்தது.

என் வீட்டுக்காரருக்கு அன்று இடுப்பு வலி. பீப்பாய் உருட்டச் சோம்பல்.

"இதுலயே விட்டுரலாம்டா," என்றார்.

"இந்தக் குழாயத் தூக்க முடியாதே மச்சான்."

"மெதுவா விட்டா எதுக்குத் தூக்கணும்?"

எல்லாம் தெரிந்தவர் செய்கிற தப்பு அது. தெரியாதவன் பயந்து பீப்பாயை உருட்டியிருப்பான்.

தொட்டியில் தண்ணீர் விட ஹோஸைப் பிடித்தபோதுதான் முதலில் ஒன்று அவர் கண்ணில் பட்டது. திறந்தவெளியில் பல வருடம் கிடந்த தொட்டி. உள்ளே ஒரு சருகு இல்லை. தூசி இல்லை. துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. குனிந்து முகர்ந்து பார்த்தார். எந்த வாடையும் இல்லை. வெயிலில் காய்ந்த சிமெண்டுக்குக்கூட ஒரு வாடை உண்டு, அதுவும் இல்லை.

கால் மணி நேரத்தில் நிரம்ப வேண்டிய தொட்டி ஒரு மணி நேரம் எடுத்தது. எங்காவது ஒழுகுகிறதா என்று சுற்றி வந்தார். சுவர் எலும்பாகக் காய்ந்து கிடந்தது. தண்ணீர் மட்டும் வேண்டாவெறுப்பாக ஏறியது.

மதியம் மூன்று மணிக்கு வேலை ஆரம்பித்தார்கள். தம்பி மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உள்ளே போனான். இயந்திர அறைக்கு இரண்டு வழி. வேன் நின்ற பக்கம் ஒரு சின்னக் கதவு. தொட்டிப் பக்கம் ஒரு இரும்புக் கதவு, பக்கவாட்டில் தள்ளித் திறப்பது. அதில் முகத்துக்கு நேராக ஒரு கண்ணாடித் துண்டு. என் வீட்டுக்காரர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார்.

ஒரு தட்டு... டங்.

உள்ளேயிருந்து பதில்... டங்.

சடசடவென்று தண்ணீர் பொரிய ஆரம்பித்தது. எல்லாம் ஒழுங்காக நடந்தது. அரை மணி நேரம் போயிருக்கும். அவர் மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு ஒரு கொட்டாவிகூட விட்டிருக்கிறார்.

அப்போதுதான் முதல் குமிழி வந்தது.

பெரிய குமிழி. மெதுவாக மேலே வந்து உடைந்தது. ப்ளக்... சரி, பழைய குழாய், எங்கோ காற்று புகுந்திருக்கும். அவர் பயப்படவில்லை. இரண்டு தட்டுத் தட்டினார். பதிலுக்கு இரண்டு தட்டு வந்தது. பொரிகிற சத்தம் நின்றது. வால்வு மூடியாகிவிட்டது.

குமிழி நிற்கவில்லை.

ஒன்று வரும். கொஞ்சம் நிற்கும். இன்னொன்று வரும். ப்ளக்... ப்ளக்... கசிகிற காற்றுக்கு இவ்வளவு ஒழுங்கு கிடையாது. என்னமோ தெரிந்த தாளமாக இருக்கிறதே என்று அவர் யோசித்துக்கொண்டே பார்த்தார். அவர் மூச்சு விடும்போதெல்லாம் அது வந்தது.

அவர் மூச்சைப் பிடித்தார்.

தண்ணீர் அசையவில்லை.

நெஞ்சு வலிக்கும் வரை பிடித்திருந்துவிட்டு விட்டார்... ப்ளக்.

அந்த நேரத்தில் எழுந்து வந்திருக்கலாமே என்று நான் கேட்டேன். "தண்ணிப் பக்கம் இருக்கிறவன் நகரக்கூடாதுன்னு நானே சட்டம் போட்டுட்டேனே," என்றார். உட்கார்ந்த இடம் அவரை எழவிடவில்லை என்பதை மட்டும் சொல்லாமல் மறைத்தார். அது எனக்கு அவர் கண்ணிலேயே தெரிந்தது.

அப்புறம் குழாயில் தட்டு வந்தது. அவர் தட்டவில்லை. உள்ளேயிருந்து வந்தது.

டங்.

ஒரு தட்டு. ‘திற.’

தம்பி விளையாடுகிறான் என்று நினைத்தார். அவன் அப்படிப்பட்டவன்தான். கோபத்தோடு இரண்டு தட்டுத் தட்டினார். பதில் ஒன்று. மறுபடி இரண்டு தட்டினார். மறுபடி ஒன்று. பிறகு அவர் தட்டாமலேயே வந்தது.

டங்... டங்... டங்...

போனை எடுத்து அவனைக் கூப்பிட்டார். உடனே எடுத்தான்.

"என்னடா விளையாட்டு இது?"

"என்ன மச்சான்? நான் வேன்ல இருக்கேன். கேஸ்கட் எடுக்க வந்தேன். நீங்க மூடச் சொன்னதும் மூடிட்டு, மாஸ்க்கயும் கழட்டிட்டுத்தான் வந்தேன்."

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே குழாய் தட்டியது. போனுக்குள் அவனுக்கும் கேட்டிருக்கிறது.

"உள்ள யாரு மச்சான்?"

"தெரியல. போகாத."

"வால்வ எவனாவது திறந்துட்டா? இருங்க, பாத்துட்டு வந்துடறேன்."

"போகாதன்னு சொல்றேன்ல."

போன் கட்டாகிவிட்டது.

அவர் தண்ணீரைப் பார்த்தார். அது இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சாண்... இரண்டு சாண்... குழாய்க்குள் மடக் மடக்கென்று யாரோ குடிக்கிற சத்தம். மூடிய குழாய் கொஞ்சம் தண்ணீர் இழுக்கும், அது அவருக்குத் தெரியும். இது தொட்டியையே இழுத்தது. வால்வு திறந்திருந்தால் ஒழிய இப்படி இழுக்காது.

அடித்தரை தெரிந்தது.

உள்ளே, அந்தச் சின்னக் கதவுப் பக்கம், படீரென்று ஏதோ வெடித்தது.

"மச்சான்!"

அதன் பிறகு கதவு இடிபட ஆரம்பித்தது. தொட்டிப் பக்கத்து இரும்புக் கதவு. இரண்டு கையாலும் இடிக்கிற சத்தம். இடுக்கு வழியாக வெள்ளையாகப் புகை வந்தது. மூக்குக்கு வாடை ஏறியது, அன்று முதல் தடவையாக. மாஸ்க்கை மேலே இழுத்தார். தண்ணீர் ஹோஸை எடுத்தார். நுனியைத் திருகித் தூறலாக்கினார். புகையைத் தண்ணீரால்தான் அடித்துக் கீழே போட வேண்டும். அப்படியே கதவைத் திறந்தால் இருவருக்கும் கண் போய்விடும். கதவை நோக்கித் தூறலைப் பிடித்தார். வெள்ளைப் புகை கரைந்து தரையில் ஓடியது.

ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் விழவில்லை.

கதவுக்கு முன்னால். ஆள் உயரத்துக்கு.

தூறல் அந்த இடத்துக்குப் போனதும் காணாமல் போனது. கீழே தரை காய்ந்திருந்தது. இரண்டு பாதம் அளவுக்கு.

அது முதுகைக் காட்டி நின்றது. ஒரு காலைச் சுவரில் ஊன்றியிருந்தது. இரண்டு கையும் கைப்பிடியில். கதவு திறக்காதபடி இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

உள்ளே இடிக்கிற சத்தம் குறைந்தது.

அவர் தண்ணீரை முழு வேகத்தில் அதன் மேல் அடித்தார்.

அது திரும்பியது...

அதற்குப் பிறகு அவருக்கு ஒழுங்காக ஞாபகம் இல்லை. ஹோஸ் கையில் இருந்தது என்கிறார். கை ஜில்லென்று விறைத்தது என்கிறார். அடுத்து தெரிவது, கதவு திறந்து கிடக்கிறது. என் தம்பி வாசலில் குப்புறக் கிடக்கிறான். இழுத்து வெளியே போட்டார். சட்டையைக் கிழித்தார். கண்ணைப் பிரித்துப் பிடித்துத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தார், ஆம்புலன்ஸ் வரும்வரை, அதற்கு அப்புறமும். டாக்டர் சொன்னார், அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் அவன் இல்லை என்று. என் வீட்டுக்காரர் காலில் விழாத குறையாக நான் அழுதேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தேன். அவருடைய இரண்டு உள்ளங்கையும் வெந்துபோயிருந்தது. மருந்து போட்டுக் கட்டி அனுப்பினார்கள்.

தம்பிக்கு நான்காம் நாள்தான் குரல் வந்தது. குரல் இல்லை, காற்று. அவன் வாயருகில் காதை வைத்தேன்.

"மச்சான் ஏன்க்கா கதவப் பிடிச்சிக்கிட்டாரு?"

எனக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டேன்.

"கண்ணாடி வழியா பாத்தேன்க்கா. அவர்தான். என்னையே பாத்துட்டு இருந்தாரு. நான் கெஞ்சினேன். விடல."

புகையில் கண் தெரியாமல் சொல்கிறான் என்று டாக்டரும் சொன்னார், நானும் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டேன். அப்போதுதான் அவர் அந்த முதுகைப் பற்றிச் சொன்னார். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது என்றார். கழுத்து உள்ளே அமுங்கி, தலை வலப்பக்கம் சாய்ந்திருந்தது என்றார். அப்படி ஒரு ஆளைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார்.

தன் முதுகை யாரும் பார்த்திருக்க முடியாது. நான் பார்த்திருக்கிறேன். இருபது வருடமாக இடது தோளில் சிலிண்டர் தூக்குகிற முதுகு அது. அவரிடம் நான் சொல்லவில்லை.

வேனை எடுத்துவர ஒரு டிரைவரோடு அந்தக் கிடங்குக்குப் போனேன். எதிரில் சைக்கிள் கடை வைத்திருந்த பெரியவர் எழுந்து வந்தார். முன்பு அந்தக் கிடங்கில் மீன் எடை போட்டவராம்.

"அந்தத் தொட்டியிலயாம்மா தண்ணி விட்டாங்க?"

"ஆமா."

"இதுக்கு முன்னயும் ரெண்டு பேரு. ஒருத்தன் உள்ள, ஒருத்தன் தொட்டிகிட்ட. கேஸ் வெடிச்சுது. உள்ள இருந்தவன் கதவுக்கு ஓடியாந்தான். வெளிய இருந்தவன் திறக்க விடல. திறந்தா தன் மேல அடிக்குமே. தட்டுற சத்தம் நிக்கிற வரைக்கும் இழுத்துப் பிடிச்சிருந்தான்."

"அப்புறம்?"

"அவனுக்கும் கண்ணு எரிஞ்சுது. ஓடிப்போய்த் தொட்டியில முகத்த விட்டான். அதுல இருந்தது தண்ணியா, அத்தனையும் அமோனியா. எழுந்திரிக்கவே இல்ல. அன்னிக்கு வத்தவிட்ட தொட்டிம்மா அது, அப்புறம் யாரும் அதுல தண்ணி விடல."

டிரைவர் வேனைத் திருப்பும்போது நான் அந்தக் கதவைப் பார்த்தேன். திறந்தே கிடந்தது. வெளிப்பக்கத்துக் கைப்பிடி ஒரு இரும்புக் கம்பி. வழுக்காமல் இருக்க, அதில் சாய்வாக, கட்டம் கட்டமாக வெட்டியிருந்தார்கள். தொட்டுப் பார்க்க மனம் வரவில்லை. பக்கத்தில் அவர் பிடித்திருந்த ஹோஸ் கிடந்தது. அதன் நுனி வழவழப்பான பிளாஸ்டிக்.

அன்று மாலை அவருக்குக் கட்டுப் பிரிக்கிற நாள். நானே பிரித்தேன். கொப்புளம் வற்றித் தோல் உரிந்திருந்தது. அடியில் புதுத்தோல் சிவப்பாக இருந்தது.

இரண்டு கையிலும் குறுக்காக ஒரு பட்டை.

சாய்வாக, கட்டம் கட்டமாக.

அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். எரியுமே என்று. நான் வேறு துணி எடுத்து மறுபடி கட்டிவிட்டேன். "இன்னும் ஆறல," என்று சொன்னேன்.

நாளைக்குத் தம்பியை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவனுக்கு வேறு இடம் இல்லை. எனக்கும் இவரை விட்டால் வேறு ஆள் இல்லை. இரண்டு பேரையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? யோசித்து யோசித்துக் கடைசியில் ஒன்று செய்தேன். தம்பி படுக்கப்போகிற அறைக்கு ஒரு கதவு. இன்று காலை ஆசாரியைக் கூப்பிட்டு அதைக் கழற்றி, பக்கத்து வீட்டு மாடியில் போட்டுவிட்டேன்.

வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று என் வீட்டுக்காரருக்கு எப்போதும் தெரியாது. உப்பு ஜாடியைக்கூட நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அந்த வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டு. பிறகு திரும்பாமலேயே கேட்டார்.

"கதவ எங்க வச்சிருக்க?"

நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன். இப்போது இதை எழுதும்போது இன்னொரு தடவையும் கேட்டுவிட்டார்.